மூட்டை தூக்கிப் போனவள்

பட்டறையில் அவளுக்குப் பெயர் மோட்டார். வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்தார்கள். கருகிப்போய் வரும் மோட்டாரைப் பிரித்து, எரிந்த செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றிச் சுருளாகக் கட்டுவது அவள் வேலை. எண்ணிக்கொண்டிருக்கும்போது இடியே விழுந்தாலும் தலை நிமிர மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று முணுமுணுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. நூற்று எண்பத்து நாலாவது சுற்றில் இருப்பவளிடம் வந்து மணி என்ன ஆச்சு என்று கேட்டால் வேறு என்ன கிடைக்கும்? ஒரு பத்துச் சுற்றுத் தப்பினால் போதும், மோட்டார் சூடேறும், மறுபடி கருகும், பழி அவள் தலையில் விழும்.

வீட்டில் அவள் பெரியவள். அப்பா இருபத்தாறு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர். அம்மா வீட்டோடு. ஒரே தங்கை, கட்டிக்கொடுத்தாயிற்று. பெரியவளுக்கு வயது இருபத்தெட்டு. கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல இந்த மோட்டார் முடியட்டும்" என்பாள். மோட்டார் எப்போது முடிந்தது? ஒன்று போனால் இரண்டு வந்து வாசலில் நிற்கும்.

நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிற்கும் பழக்கமே அவளுக்கு இல்லை. தங்கை கல்யாணத்தன்று மண்டபத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. புது உடுப்போடு அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தவள், கையெல்லாம் கிரீஸோடு எழுந்து வந்தபோது விருந்தாளிகள் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆல்பம் வந்ததும் அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"முந்நூறு போட்டோ எடுத்திருக்கான் அந்த மடையன். ரெண்டுல உன் முதுகு இருக்கு. மொகம் ஒண்ணுலகூட இல்ல."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே மனக்குறையாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஆல்பத்தைக் காட்டும்போதெல்லாம், "பெரியவதான் கரண்ட் வரவெச்சா" என்று தானாகச் சொல்லிக்கொள்வார். வந்தவர்கள் ம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு நாலு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, "ஊருக்கே தண்ணி ஊத்தினவனுக்கு ரெண்டு டம்ளர். நல்லா இருக்கு டாக்டர்" என்றார். வார்டே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் டிராயிங் சார் பட்டறைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற இளைஞர், அவளைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் சார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எனக்கு ஒரு விளக்கு வேணும். திரை நாப்பது அடி. நெழல் வெட்டின மாதிரி விழணும்."

"நாப்பது அடியா? என்ன சார், கப்பல் கட்டுறீங்களா?"

"நிழல் நாடகம்" என்றார் அவர். "வந்து பாருங்களேன்."

போனாள். ஓட்டம் நின்றுபோன பழைய பஸ் டிப்போவின் கொட்டகை. பதினான்கு பேர், ஒருவருக்கும் முப்பது ஆகவில்லை. தச்சு வேலை செய்கிறவன், கொரியர் கொடுக்கிறவன், பேக்கரி கவுண்ட்டரில் நிற்கிறவள், கல்லூரியில் படிக்கிறவர்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடிக் கொட்டகையை இருட்டாக்கிவிட்டு, கசகசவென்று வேர்வையில் வேலை செய்தார்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளை விரித்து வீடு, மரம், மின்கம்பம், பாலம் என்று ஆளுயரத்துக்கு வெட்டி அடுக்கியிருந்தார்கள். வெள்ளைத் துணி பதினெட்டை ஒட்டுத் தைத்துக் கூரைக் கம்பியில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். எல்லாம் பிரமாதம். விளக்கைப் போட்டால் மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நிழல் விழுந்தது, இரண்டும் கொழகொழவென்று.

அவள் விளக்கைப் பார்த்தாள். மண்டபத்து மேடையில் வைக்கிற ஃபோகஸ் லைட் இரண்டு.

"இதை எவன் குடுத்தான்? ஒண்ணைத் தூக்கிப் போடுங்க. இன்னொண்ணுல பின்னாடி இருக்குற கண்ணாடித் தகட்டைக் கழட்டுங்க. வெளிச்சம் ஒரே புள்ளியிலேர்ந்து வரணும். பரந்து வந்தா நெழல் இப்படித்தான் பரத்திக்கிட்டுக் கெடக்கும்."

அடுத்த ஞாயிறு அவளே ஒரு விளக்கு செய்து கொண்டுவந்தாள். எண்ணெய் டின் ஒன்றை வெட்டி உள்ளே கறுப்படித்து, குட்டி இழை உள்ள பெரிய பல்பை நடுவில் நிறுத்தி, டின்னைச் சக்கரப் பலகையில் பூட்டி, பழைய மோட்டார்களின் பேரிங்கைச் சக்கரமாக்கி, இரண்டு குழாய்களைத் தண்டவாளமாகத் தரையில் பதித்திருந்தாள். விளக்கு ஆட்களுக்குக் கிட்டே போகப்போக அவர்கள் நிழல் வளரும், பின்னால் வந்தால் சுருங்கும். ஆனால் குலுங்கக் கூடாது. சூடேறிய இழை ஒரு குலுக்கலுக்கு அறுந்துவிடும்.

நிழல் சரியாக விழுகிறதா என்று பார்க்க யாராவது குறுக்கே நடக்க வேண்டியிருந்தது. கொரியர்க்காரனை விளக்குப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, தன் கருவிப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவளே நடந்தாள். கனமான பை. ஒரு தோளை இறக்கி, மறு கையை இடுப்பில் ஊன்றி நடப்பது அவள் வழக்கம். நடுவழியில் ஸ்பேனர் விழுந்த மாதிரி இருந்ததால் நின்று திரும்பிப் பார்த்தாள். திரைக்கு முன்னால் பேச்சுச் சத்தம் நின்றுபோனது.

"இன்னொரு தடவை நடங்க" என்றார் டிராயிங் சார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்படியே. திரும்பிப் பாருங்க. அவ்வளவுதான்."

நாடகத்தின் முடிவு அன்றைக்குத்தான் கிடைத்தது. ஆறு பொங்கி ஓர் ஊர் மூழ்குகிறது. ஜனங்கள் பாலத்தைக் கடந்து போகிறார்கள். கடைசியாக ஒருத்தி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பாலத்தின் நடுவில் நின்று, தான் இருந்த ஊரைத் திரும்பிப் பார்க்கிறாள். பார்க்கப் பார்க்க அவள் நிழல் மட்டும் வளர்ந்து திரை முழுக்க நிறைகிறது. பிறகு இருட்டு. வசனமே கிடையாது. மூட்டைக்காரி வேஷம் அவளுக்கென்று முடிவாயிற்று.

இதை அவள் டயாலிசிஸ் நேரத்தில் அப்பாவிடம் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்தாள்.

"நீயா? மேடையிலயா?" அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "எத்தனை பேர் பாப்பாங்க?"

"நானூறு நாற்காலி போடுறாங்கப்பா."

"நானூறு" என்றார், ரொம்ப நேரம் கழித்து இன்னொரு முறையும் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கச் செய்தி போய்விட்டது. பக்கத்துக் கட்டில் ரிட்டயர்டு தபால்காரர், நர்ஸம்மா, தரை துடைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. சோற்றைப் பார்த்தாலே முகம் திருப்பிக்கொண்டிருந்தவர், "அது வரைக்கும் நிக்கணுமே" என்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

நாடகத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது கொரியர்க்காரன் மழையில் வண்டியோடு சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். விளக்கைத் தள்ளப் பழகியவன் அவன் ஒருவன்தான். தச்சனை உட்காரவைத்துப் பார்த்தார்கள். பலகையை இழைக்கிறவன், ஒரே தள்ளாகத் தள்ளினான். பல்பு போயிற்று. சாரே உட்கார்ந்தார், இன்னொரு பல்பு போயிற்று. பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, மூச்சை எண்ணி எண்ணி, நாலு அடி தூரம் விளக்கைத் தள்ளிக் காட்டினாள். திரையில் அட்டை வீடு அலுங்காமல் நலுங்காமல் வளர்ந்தது. இதே கையால்தான் தினமும் கம்பி சுற்றுகிறாள், ஆட்டம் எங்கிருந்து வரும்?

"எனக்குத் தெரியும் இது உங்க வேஷம்னு" என்றார் சார், அவள் முகத்தைப் பார்க்காமல். "வேஷத்தை வேற யாருக்காவது கத்துக்குடுத்துரலாம். விளக்கை முடியாது."

பேக்கரிக்காரிக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். நாலு நாள் அவள் பின்னாலேயே நடந்து, தோளை எப்படி இறக்குவது, கையை எங்கே ஊன்றுவது, எந்த இடத்தில் நிற்பது என்று அந்தப் பெண் கற்றுக்கொண்டாள். சீக்கிரமே கற்றுக்கொண்டாள் என்பதில் பெரியவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. "அக்கா, உங்க நடை எனக்கு வீட்டுலயும் வந்துருச்சு. எங்கம்மா, இடுப்புல என்னடி நோவுன்னு கேக்குறாங்க" என்று அவள் சொன்னபோது பெரியவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

விளக்குக்காரருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. விளக்குக்கு முன்னால் அவருடைய உடம்பில் ஒரு விரல்கூட வரக் கூடாது. வந்தால் அது பத்தடி விரலாகத் திரையில் விழும். நாடகத்தில் வருகிற எல்லோருக்கும் நிழல் கொடுக்கிறவருக்கு மட்டும் நிழல் இல்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அம்மாவிடம் கேட்டாள்.

"இப்ப எதுக்குடி? அதை நெனச்சுதான் சாப்பிடுறாரு" என்றாள் அம்மா. "வந்து பாத்தா அவருக்கே தெரிஞ்சிரப்போகுது, இது நம்ம பொண்ணு இல்லைன்னு. அப்புறம் சொல்லிக்கலாம்."

இருவருமே அப்படித்தான் நம்பினார்கள். திரைக்குப் பின்னாலேயே கிடந்தவளுக்கு, முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று யோசிக்கத் தோன்றவில்லை. பின்னால் இருந்து பார்த்தால் பேக்கரிக்காரி பேக்கரிக்காரியாகத்தான் தெரிந்தாள், மூக்கும் மச்சமும் வேர்வையுமாக.

நாடகம் ஆறரை மணிக்கு. அப்பாவுக்கு அது டயாலிசிஸ் முடிந்த மறுநாள், கொஞ்சம் தெம்பான நாள். சித்தப்பாவும் அம்மாவும் கைத்தாங்கலாக அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். சலவைச் சட்டை. லாரி ஓட்டியபோது போட்ட சட்டை, இப்போது அதற்குள் அவரைப்போல் இரண்டு ஆள் கொள்ளும். அவள் திரை ஓரத்திலிருந்து பார்த்துவிட்டு விளக்குக்குப் போனாள்.

முக்கால் மணி நேரம் அவள் நிமிரவில்லை. ஆறு பொங்கியது, வீடுகள் சாய்ந்தன, ஜனங்கள் பாலத்தில் போனார்கள். கடைசியில் பேக்கரிக்காரி மூட்டையோடு வந்து நின்றாள், திரும்பிப் பார்த்தாள். பெரியவள் எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விரற்கடை. நாற்பதாவது எண்ணில் சூடான டின் அவள் முன்கையில் ஒட்டியது. தோல் பொசுங்குகிற வாடை வந்தது. கையை எடுத்தால் விளக்கு குலுங்கும். எடுக்கவில்லை. நூற்றிருபது வரைக்கும் எண்ணிவிட்டு விளக்கை அணைத்தாள். அந்தப் பக்கம் நானூறு பேரும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. இவ்வளவையும் நான் செய்தேன், அப்பா பார்த்தார் என்று நினைத்தாள்.

கறுப்புச் சட்டையோடு, அவளையும் சேர்த்துப் பதினைந்து பேரும் திரைக்கு முன்னால் வந்து கும்பிட்டார்கள். யார் எது செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அப்படிச் சொல்வதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். அப்பா எழுந்து நிற்க முயன்று முடியாமல், உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். கன்னமெல்லாம் ஈரம்.

அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வந்து..."

"உன் நடை எனக்குத் தெரியாதா?" அவர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். "வந்த ஒடனே தெரிஞ்சிருச்சு. தோளைச் சாச்சுக்கிட்டு, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு. சின்ன வயசுல தண்ணிக் குடம் தூக்கிட்டு வருவியே, அதே நடை. அப்படியே வளந்து வானத்துல முட்டி நின்னியேம்மா. நானூறு பேரும் உன்னைத்தானே பாத்தாங்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாப்பா" என்றாள்.

அன்றைக்கு அவ்வளவோடு போயிருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். ஆனால் சித்தப்பா நாடகம் முழுவதையும் போனில் பிடித்துவைத்திருந்தார். அதை அப்பாவின் போனுக்கு அனுப்பினார். அதன் பிறகு திங்கள், புதன், வெள்ளி, மெஷின் ஒரு பக்கம் அவர் ரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவர் அதையே பார்த்தார். முன்னால் வருவதெல்லாம் தள்ளிவிட்டு நேரே மூட்டைக்காரிக்கு வந்துவிடுவார். அவள் திரும்பிப் பார்க்கிற இடத்தில் நிறுத்துவார். கட்டைவிரலால் அந்த நிழலைத் தடவுவார்.

"இங்க பாரு, என்ன நெனச்சுக்கிட்டுத் திரும்புன?"

"ஒண்ணும் நெனைக்கலப்பா."

"இல்ல, என்னவோ நெனச்சிருக்க. மொகமே தெரியல, இருந்தாலும் தெரியுது."

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்கைப் புண் ஆறிக் கறுப்பாகத் தழும்பு விழுந்திருந்தது. அப்பா கேட்டபோது பட்டறையில் சுட்டுக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள். பேக்கரிக்காரியின் நிழல்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. பேக்கரிக்காரிமேல் இல்லை, அவள் பாவம் என்ன செய்வாள்? போனுக்குள் இருக்கிற அந்தக் கறுப்பு உருவத்தின்மேல். நிழலோடு மல்லுக்கு நிற்கிற முட்டாள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் போகிற பொறாமையா அது?

ஒரு வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் உப்பில்லாத ரொட்டி, டாக்டரிடம் கேட்டுத் தானே சொல்லிச் சுட்டுவாங்கியது. நல்ல பெண். அப்பா அவளை உட்காரச் சொல்லிவிட்டு, "நீயும் அந்த நாடகத்துலயா? நீ எந்த வேஷம்மா?" என்று கேட்டார்.

பேக்கரிக்காரி பெரியவள் முகத்தைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த போனைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"நான் வேஷம் எதுவும் கட்டலப்பா" என்றாள். "பின்னாடி விளக்குகிட்ட இருந்தேன். தள்ளிக்கிட்டு."

"ஓ, விளக்கா" என்றார் அப்பா. அவர் குரலில் ஓர் இரக்கம் வந்தது. "பரவால்லம்மா. அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல. மனசை விட்டுராத, அடுத்த நாடகத்துல உனக்கும் ஒரு வேஷம் குடுப்பாங்க. பெரியவளே, நீ சொல்லேன் உங்க சார்கிட்ட."

"சொல்றேம்ப்பா" என்றாள் அவள்.

பேக்கரிக்காரியை வாசல்வரை கொண்டுவிடப் போகும்போது, "அக்கா, தப்பா சொல்லிட்டேனா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று தோளைத் தட்டி அனுப்பினாள். திரும்பி வந்து, தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். அவள் செய்த வேலைக்கு அப்பா கொடுத்தது அந்த இரக்கம் ஒன்றுதான், அதுவும் இன்னொருத்திக்குப் போனது.

அந்தச் சனியும் ஞாயிறும் அவள் பட்டறையில் எண்ணிக்கையைத் தப்பவிட்டாள். மூன்று மோட்டாரை மறுபடி பிரிக்கவேண்டி வந்தது. முதலாளி, "என்னம்மா, காதலா?" என்று கேட்டுவிட்டு, அவள் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை சொன்னாள். தபால்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா போனை எடுத்து, நாடகத்தை ஓடவிட்டு, வழக்கமான இடத்தில் நிறுத்தினார்.

"அப்பா, அது நான் இல்ல."

"எது?"

"மூட்டை தூக்கிட்டுப் போறது. அது வெள்ளிக்கிழமை வந்தாளே, அந்தப் பொண்ணு. மொதல்ல என் வேஷமாத்தான் இருந்துச்சு. விளக்குத் தள்றதுக்கு ஆள் இல்ல. என்னாலதான் குலுங்காம தள்ள முடிஞ்சுது. அந்த நடை என்னோடதுதான், அவளுக்கு நான் சொல்லிக்குடுத்தேன். கடைசில வளந்து வானத்துல முட்டுச்சுன்னு சொன்னீங்களே, அது நான் விளக்கைத் தள்ளினதாலதான் வளந்துச்சு. நூத்தி இருவது எண்ணி எண்ணித் தள்ளினேன். இந்தா பாருங்க, இது பட்டறைல சுட்டது இல்ல. விளக்கு சுட்டுச்சு, கையை எடுக்கல."

மூச்சுவிடாமல் சொல்லிவிட்டாள். வாழ்நாளில் அவரிடம் அவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை. அப்பா அவள் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். நாடகத்தை ஆரம்பத்துக்குக் கொண்டுபோய், ஒரு நிமிஷமும் தள்ளாமல் முழுவதும் பார்த்தார். முக்கால் மணி நேரம். அவர் எதைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இதுல நீ எங்கயுமே இல்லையா?"

"இல்லப்பா."

"ஒரு கை? ஒரு விரல்?"

"விழக் கூடாதுப்பா. விழாம பாத்துக்கிட்டேன். அதான் அந்த வேலையே."

"அதுக்கும் ஒரு ஆள்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். யாரிடம் அதை முன்பு சொன்னோம் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் நிற்கிறவரை திறக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், ஆட்டோவில், "கை வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். "அப்ப வலிக்கல" என்றாள். அன்று இரண்டு வாய்க்குமேல் அவர் சாப்பிடவில்லை. அம்மா பாத்திரங்களை நங்கென்று வைத்தாள்.

புதன்கிழமை பட்டறையில் வேலை இழுத்துக்கொண்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டயாலிசிஸ் பாதி முடிந்திருந்தது. வார்டில் இரண்டிரண்டு கட்டிலுக்கு ஒரு தடுப்புத் துணி. தபால்காரரை வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கட்டிலில் புதிதாக யாரோ வந்திருந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவராம், அன்றைக்குத்தான் அவருக்கு முதல் நாள். பயந்துபோயிருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் கை துணியைத் தொட்டபடியே நின்றுவிட்டது, ஏனென்றால் அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"நாலு மணி நேரம் ஒண்ணுமே இல்லங்க, ஓடிப்போயிரும். இதைப் பாருங்க, பொழுது போகும். ஆறு வருதா? எல்லாம் அட்டை, ஆனா தண்ணி மாதிரியே இருக்கும். இப்ப வருவா பாருங்க. இதோ, மூட்டை தூக்கிட்டு வர்றாளே. அது என் பொண்ணு. பெரியவ."

"அட" என்றார் வேன்காரர்.

"இப்ப திரும்பிப் பாப்பா. பாத்தீங்களா? இனிமே பாருங்க, எப்படி வளர்றான்னு."

பெரியவள் அங்கேயே நின்றாள். மறந்துவிட்டாரோ என்று முதலில் நினைத்தாள். ரத்தத்தில் உப்பு ஏறினால் மறதி வரும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அப்படியே இருந்துவிட்டால் தேவலை என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டாள். பிறகு துணியை விலக்கி உள்ளே போனாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மறக்கவில்லை. முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது வாயைத் திறக்காமல் கெஞ்சினார்.

"இந்தப் பொண்ணுதானா?" வேன்காரர் போனையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நீயாம்மா இது?"

"ஆமாங்க" என்றாள். "நான்தான்."

அப்பா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, அந்தக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னேன்ல" என்று வேன்காரரிடம் சொன்னார். அவள் பக்கம் திரும்பவில்லை. வேன்காரர் கேட்டதற்காக மறுபடியும் ஓடவிட்டார். அவளும் குனிந்து கூடவே பார்த்தாள். நிழல் மெல்ல மெல்ல, துளி அசங்காமல் வளர்ந்தது. அவ்வளவு சுத்தமாகத் தள்ளியிருக்கிறாள், அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு அப்பா பதினேழு நாள் இருந்தார். வார்டுக்குப் புதிதாக வந்த எல்லோருக்கும் மூட்டைக்காரியைக் காட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஆமாம் என்று சொன்னாள். விளக்கைப் பற்றி அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.